பெட்டிக்குள் இருக்கும் 'அனலாக்' சிப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

"கொய்யாத் தோட்டத்தில் மண்ணின் ஈரத்தையும் காற்றின் வெப்பத்தையும் செல்போனில் காட்டும் கருவி வைக்கலாம் என்று இருக்கிறோம். இரண்டு பேர் விலை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சொல்லும் விலை மற்றவர் விலையைப்போல இரண்டு மடங்கு. காரணம் கேட்டால், 'உள்ளே இருப்பது அனலாக் டிவைசஸ் சிப்' என்கிறார். அது என்ன கம்பெனி? அந்தப் பெயருக்காக அவ்வளவு கொடுக்கலாமா?"
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பூச்சிமருந்து வாங்கும்போது டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரைத் தள்ளிவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத் தேடிப் படிக்கப் பல விவசாயிகள் பழகிவிட்டார்கள். அதே கேள்வியை எலெக்ட்ரானிக் பெட்டியைப் பார்த்தும் கேட்கத் தொடங்கியிருப்பது நல்ல விஷயம். விற்பவர் சொல்வது பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால், அது பாதிப் பதில்தான்.

முதலில் 'அனலாக்' என்ற சொல். கிணற்றில் தண்ணீர் இறங்கும்போது படிப்படியாகத் தாவி இறங்குவதில்லை; மயிரிழை மயிரிழையாக இறங்குகிறது. காலையில் 24 டிகிரியாக இருந்த வெயில் மதியம் 36 ஆகும்போது இடையில் உள்ள எல்லா அளவுகளையும் தொட்டுக்கொண்டுதான் ஏறுகிறது. மண்ணின் ஈரம், பாலின் எடை, இலை மேல் விழும் வெளிச்சம் எல்லாமே இப்படித்தான். செல்போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ இது புரியாது. அவற்றுக்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டுமே. களத்தில் குவிந்து கிடக்கும் நெல் அம்பாரத்தைப் படியால் அளந்து, 'இத்தனை படி' என்று சொன்னால்தான் கணக்குப்பிள்ளை நோட்டில் எழுத முடியும் அல்லவா? அம்பாரம்தான் அனலாக். நோட்டில் ஏறும் எண் டிஜிட்டல். இடையில் நின்று அளந்து போடுகிற ஆள்தான் அனலாக் சிப். அவருடைய படி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வரும். '12 பிட்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், முழு அம்பாரத்தையும் 4,096 படியாகப் பிரித்து அளக்கிறது என்று பொருள். '10 பிட்' என்றால் 1,024 படி.

அளப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. சென்சாரிலிருந்து வரும் மின்சாரம் மிகவும் சொற்பம். அதைச் சிந்தாமல் வாங்கி, பெருக்கி, பிறகுதான் அளக்கவேண்டும். இந்தப் பெருக்கும் சிப்புக்கு 'ஆப்-ஆம்ப்' என்று பெயர். சிந்தாமல் வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்பதற்கு எலுமிச்சைப் பழத்தின் கதை ஒன்று உண்டு.

1934-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிஃபோர்னியா. அங்கிருந்த பழ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு (பிற்காலத்தில் 'சன்கிஸ்ட்' என்று பெயர்பெற்றது இதுதான்), விற்பனைக்கு ஆகாத எலுமிச்சையிலிருந்து பெக்டினும் சிட்ரிக் அமிலமும் எடுத்துக்கொண்டிருந்தது. சாற்றின் புளிப்பைத் துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது. ஆனால், சாறு கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு லிட்மஸ் தாளை வெளுக்க வைத்துவிடும். கண்ணாடிக் குமிழ் கொண்ட மின்முனையால் அளக்கலாம் என்றால், அதிலிருந்து வரும் மின்சாரம் சாதாரண மீட்டரின் முள்ளை அசைக்கக்கூடப் போதாது. கூட்டுறவு ஆய்வகத்தில் வேலை பார்த்த க்ளென் ஜோசஃப், தன்னுடன் படித்த ஆர்னால்ட் பெக்மன் என்ற பேராசிரியரிடம் இதைக் கொண்டுபோனார். பெக்மன் இரண்டு வால்வுகளை வைத்து ஒரு பெருக்கி செய்து கொடுத்தார். இன்று மண் பரிசோதனைக் கூடங்களில் இருக்கும் பி.எச். மீட்டரின் முன்னோடி அதுதான். எலுமிச்சை விவசாயிக்காகச் செய்த கருவி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தக் கண்ணாடிக் குமிழின் பிரச்னை இன்றும் அப்படியே இருக்கிறது. பி.எச். ஒரு புள்ளி மாறினால் அது கொடுக்கும் மின்னழுத்தம் 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 59 மில்லிவோல்ட் மட்டுமே மாறும். கண்ணாடியின் மின்தடையோ பத்துக்கோடி ஓம் அளவுக்குப் போகும். மீட்டருக்குள் இருக்கும் பெருக்கி தன் பங்குக்கு வெறும் ஒரு நானோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கை இழுத்துக்கொண்டாலே 100 மில்லிவோல்ட் தவறு வந்துவிடும். பி.எச். கணக்கில் அது 1.7 புள்ளி. உண்மையில் 6.8 இருக்கும் நல்ல நிலம் 8.5 என்று காட்டும். களர் நிலமாகிவிட்டது என்று நினைத்து விவசாயி ஜிப்சம் மூட்டைக்கு ஆள் அனுப்பிவிடுவார். பஃபர் கரைசலில் வைத்துச் சரிசெய்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஓரளவுக்குப் போதும். ஆனால், கண்ணாடியின் தடை வெப்பத்துக்கேற்ப மாறுவதால், காலையில் சரிசெய்தது மதியம் விலகும்.

அனலாக் டிவைசஸ் தயாரிக்கும் ஏடி549 என்ற ஆப்-ஆம்பின் உயர்தர ரகம் இழுத்துக்கொள்ளும் மின்சாரம் அதிகபட்சம் 60 ஃபெம்டோ ஆம்பியர். ஓர் ஆம்பியரைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ. இப்படிப்பட்ட சிப் இருந்தும், மின்முனையைச் சொருகும் இணைப்பில் ஈரக் கை பட்டாலோ தூசி படிந்தாலோ அந்த வழியாக மின்சாரம் கசிந்து அத்தனையும் வீணாகும். பி.எச். மீட்டர் வைத்திருக்கும் உழவர் குழுக்கள் இதைக் கவனிக்கவேண்டும். குமிழைக் காயவிடாமல் பொட்டாசியம் குளோரைடு கரைசலிலும், இணைப்பை உலர்ந்த துணியால் துடைத்தும் வைப்பது சிப்பைவிட முக்கியம்.

சொந்தப் பங்கை அடகு வைத்தவர்

இனி கம்பெனியின் கதை. எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ரே ஸ்டாட்டா, மேத்யூ லார்பர் என்ற இரண்டு நண்பர்கள் 1965-இல் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கியது அனலாக் டிவைசஸ். இதற்கு முன் அவர்கள் நடத்திய சிறு தொழிலை வேறொரு நிறுவனத்துக்கு விற்று, அதற்கு ஈடாகக் கிடைத்த பங்குகளை அடமானமாகக் காட்டித்தான் முதல் திரட்டினார்கள். முதல் சரக்கு ஆப்-ஆம்ப். அப்போது அது சிப் அல்ல. தனித்தனி டிரான்சிஸ்டர்களை ஒரு சிறு பெட்டியில் அடுக்கிப் பிசின் ஊற்றி மூடிய கட்டி. அதற்கு நல்ல விற்பனை இருந்தது. 1967-லேயே வாடிக்கையாளர்களான பொறியாளர்களுக்காக 'அனலாக் டயலாக்' என்ற தொழில்நுட்ப இதழைத் தொடங்கினார்கள். விற்ற சரக்கை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஓர் இதழ் நடத்தும் பழக்கம் உரக் கம்பெனிகளுக்கும் விதைக் கம்பெனிகளுக்கும் வந்தால் நன்றாக இருக்கும்.

லார்பர் சில ஆண்டுகளில் விலகிக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் கட்டி வியாபாரத்துக்கு ஆபத்து வந்தது. ஒரே சிலிக்கான் துண்டில் முழு ஆப்-ஆம்பையும் அச்சடித்துவிடும் தொழில்நுட்பத்தை மற்ற கம்பெனிகள் கொண்டுவந்துவிட்டன. சிப் இன்னும் அவ்வளவு துல்லியமில்லை, கட்டிதான் நன்றாக ஓடுகிறது, எதற்கு அதில் இறங்கவேண்டும் என்று இயக்குநர்கள் தயங்கினார்கள். ஸ்டாட்டாவுக்கு எதிர்காலம் சிப்தான் என்பது தெரிந்திருந்தது. கம்பெனிப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் சொந்தப் பங்குகளை வைத்து 'நோவா டிவைசஸ்' என்ற சிப் தயாரிக்கும் சிறு நிறுவனத்துக்கு அவர் பணம் போட்டார். வெற்றி பெற்றால் கம்பெனி அதை வாங்கிக்கொள்ளலாம். தோற்றால் நஷ்டம் ஸ்டாட்டாவுக்கு. 1971-இல் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் புதுப் பயிருக்கு மாறியவர்களுக்கு அந்த இரண்டு வருடம் எப்படிப் போயிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நோவா மூலம் வந்த சிப் தொழிலில் இந்தக் கம்பெனி பேர் வாங்கிய ஒரு நுணுக்கம், லேசரால் செதுக்குவது. ஒரே தகட்டில் அச்சடித்த சிப்புகள்கூட ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒரே மரத்துக் கொய்யாவாக இருந்தாலும் எடை வித்தியாசப்படுவதுபோல. தகட்டின் மேலேயே ஒவ்வொரு சிப்பையும் அளந்து பார்த்து, அதிலுள்ள மெல்லிய மின்தடைப் படலத்தை லேசர் கதிரால் தேவையான அளவு அரித்து, சரியான மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். விலையில் ஒரு பகுதி இதற்குத்தான் போகிறது.

அப்படிச் செதுக்கிய சிப்புகளில் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏடி590. 1970-களில் வந்த இந்த வெப்பமானி சிப்புக்கு இரண்டே கால்கள். தனிப்பூஜ்யமான மைனஸ் 273 டிகிரியிலிருந்து கணக்கிட்டு, ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரோ ஆம்பியர் வீதம் தன் வழியாக மின்சாரத்தை விடும். 25 டிகிரி என்றால் 298 மைக்ரோ ஆம்பியர். 26 என்றால் 299. அவ்வளவுதான் அதன் வேலை.

இதில் என்ன பெருமை? மோட்டாரிலிருந்து ஆயிரம் அடி தூரத்துக்குப் பைப் போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பைப் நீள நீள, கடைசியில் அழுத்தம் குறையும். ஆனால், வழியில் கசிவு இல்லாவிட்டால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் உள்ளே போகிறதோ அத்தனை லிட்டர்தான் கடைசியிலும் விழும். மின்சாரத்தில் வோல்டேஜ் என்பது அழுத்தம்; ஆம்பியர் என்பது ஓட்டம். வெப்பத்தை வோல்டேஜாகச் சொல்லும் சென்சாரை நீளமான ஒயரில் கட்டினால், ஒயரின் தடையாலும் பக்கத்தில் ஓடும் மோட்டார் கேபிளாலும் அளவு கெட்டுப்போகலாம். ஓட்டமாகச் சொல்லும் சென்சாருக்கு அந்தத் தொல்லை மிகவும் குறைவு. தானியக் கிடங்கு, பசுமைக்குடில், குளிர்பதன அறை போன்ற இடங்களில் நீள ஒயருக்கு இந்த வகை ஏற்றது.

போர்வெல்லில் நீர்மட்டம் காட்டும் கருவிகளில் '4–20 மில்லி ஆம்பியர்' என்று எழுதியிருப்பதும் இதே யோசனைதான். அதில் இன்னொரு கெட்டிக்காரத்தனம் உண்டு. பூஜ்ய அளவுக்கு 4 மில்லி ஆம்பியர். ஓட்டமே இல்லாமல் பூஜ்யம் வந்தால், ஒயர் அறுந்துவிட்டது என்று பொருள். எலி கடித்ததையும் கிணறு வற்றியதையும் பிரித்துக் காட்டிவிடும்.

எத்தனையோ புது ரகங்கள் வந்த பிறகும் வெள்ளைப் பொன்னி வயலை விட்டுப் போகவில்லை. அதுபோல இந்த ஏடி590 சுமார் 50 ஆண்டுகளாக விற்பனையில் இருக்கிறது. செல்போன் சிப் இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். அனலாக் சிப்புகள் அப்படி அல்ல. அதனால்தான் இந்தத் தொழிலில் பெரியவர்கள் சிறியவர்களை வாங்குவதும் நடக்கிறது. அனலாக் டிவைசஸ் 2017-இல் லீனியர் டெக்னாலஜியையும், 2021-இல் மேக்ஸிம் நிறுவனத்தையும் வாங்கிவிட்டது. இவர்களின் பெரிய போட்டியாளரான டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 2011-இல் நேஷனல் செமிகண்டக்டரை வாங்கியது. விதைக் கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்குவதைப் பார்த்த விவசாயிகளுக்கு இது புதிதல்ல.

பாஸ்டன் பக்கத்துத் தக்காளி

பத்து ஆண்டுகளுக்கு முன் இந்தக் கம்பெனி, தன் தலைமையகம் இருக்கும் மாசசூசெட்ஸ் பகுதியில் தக்காளித் தோட்டங்களுக்குள் இறங்கியது. திட்டத்துக்கு வைத்த பெயர் 'தக்காளிகளின் இன்டர்நெட்'. அங்கே குளிர்காலத்தில் கடையில் கிடைக்கும் தக்காளி தொலைவிலிருந்து வருவது. காயாகப் பறித்து, எத்திலீன் வாயுவில் நிறமேற்றி, லாரியில் அனுப்புவார்கள். பார்க்கச் சிவப்பாக இருக்கும். வாயில் போட்டால் சக்கைதான். உள்ளூர் விவசாயிகளோ கோடை மாதங்களில் மட்டும் நல்ல ருசியுள்ள தக்காளியை விளைவிக்கிறார்கள். பருவம் குறுகியது, ஒரு நோய் வந்தால் அந்த வருடம் போனதுபோல. அந்தத் தோட்டங்களில் வெப்பம், காற்றின் ஈரப்பதம், வெளிச்சம் மூன்றையும் அளக்கும் சிறு பெட்டிகளை வைத்து, எந்தச் சூழலில் ருசி கூடுகிறது, எப்போது நோய் வரும், எப்போது பறிக்கலாம் என்று பார்க்க முயன்றார்கள்.

இதில் முக்கியமான கணக்கு ஒன்றுண்டு. அது நம் தோட்டத்துக்கும் பொருந்தும். பயிர் நாட்காட்டியைப் பார்த்து வளர்வதில்லை; வாங்கிய வெப்பத்தைக் கூட்டிக்கொண்டு வளர்கிறது. தக்காளிக்கு அடிப்படை வெப்பம் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு நாளின் அதிகபட்சம் 34, குறைந்தபட்சம் 24 என்றால் சராசரி 29. அதில் 10 போக, அன்றைய வரவு 19 'வெப்ப அலகு'. இப்படித் தினமும் கூட்டிக்கொண்டே வந்தால் பூ எப்போது, முதல் பறிப்பு எப்போது என்று ஓரளவு கணிக்கலாம். பல பூச்சிகளின் தலைமுறைக் கணக்கும் இதே வழிதான்.

இந்தக் கூட்டலில் சென்சார் ஒரே ஒரு டிகிரி அதிகமாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அது ஒன்றுமில்லை. 100 நாளில் 100 அலகு. நாளுக்கு 19 என்று பார்த்தால் ஐந்து நாளுக்கு மேல் தள்ளிப்போகும். பறிப்புக்கு ஆள் சொல்வதிலும், மார்க்கெட்டுக்கு வண்டி பேசுவதிலும் ஐந்து நாள் என்பது சின்ன விஷயமா? துல்லியமான சிப்புக்குக் கொடுக்கும் காசுக்கு அர்த்தம் இருப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

தக்காளி என்று வந்துவிட்டதால், ஒரு தகவல். பழுத்த தக்காளியை 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்தால் மணம் தரும் பொருட்கள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாகத் திரும்புவதில்லை என்று ஃப்ளோரிடா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2016-இல் காட்டினார்கள். வீட்டு ஃபிரிட்ஜில் தக்காளி அடுக்குபவர்களுக்கும் இது பொருந்தும்.

கொய்யாத் தோட்டத்துக்கு வருவோம்

வெப்பமானியைப் பொறுத்தவரை, கால் டிகிரி துல்லியமுள்ள சிப்பை வாங்கி, அதை வெயிலில் நேராகத் தொங்கவிட்டால் பல டிகிரி கூடுதலாகத்தான் காட்டும். அது காற்றின் வெப்பத்தை அளக்கவில்லை. சூடான பெட்டியின் வெப்பத்தை அளக்கிறது. வானிலை நிலையங்களில் வெள்ளைச் சாயம் பூசிய பலகைக் கூண்டுக்குள் வெப்பமானியை வைப்பது இதனால்தான். பெட்டியோடு வெள்ளைத் தட்டுகளை அடுக்கிய காற்றோட்டமான கூடு தருகிறார்களா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத விலை உயர்ந்த பெட்டியைவிட, அது இருக்கும் சாதாரணப் பெட்டி மேல்.

மண் ஈரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இரண்டு கம்பிகளுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்ப்பது. விலை குறைவு. ஆனால், உப்புத் தண்ணீர் பாயும் நிலத்திலும், சொட்டுநீரில் உரம் விட்ட மறுநாளும் ஏமாற்றும். ஈரம் இல்லாமலே இருப்பதுபோல் காட்டும். இரண்டாவது, மண்ணின் மின்தேக்குத் திறனைப் பார்ப்பது. தண்ணீருக்கு இதில் மதிப்பு சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை, காற்றுக்கு 1. வித்தியாசம் பெரிதாக இருப்பதால் ஈரத்தை நன்றாகப் பிரித்துக் காட்டும். உப்பின் தொந்தரவும் குறைவு. முழுதாக இல்லாமல் போகாது. விற்பவர் சொல்வதில் இது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, சிப் எந்தக் கம்பெனி என்பதைவிட முக்கியம்.

இரண்டாவது வகையிலும் எதிரி ஒருவன் உண்டு: காற்று இடைவெளி. சென்சாரைப் புதைக்கும்போது சுற்றிலும் மண் இறுகாமல் பொந்து இருந்தால், அது 1 மதிப்புள்ள காற்றை அளந்துவிட்டு 'காய்ந்துவிட்டது' என்று மோட்டாரைப் போடச் சொல்லும். அதே குழியிலிருந்து எடுத்த மண்ணைக் கூழாகக் கரைத்து ஊற்றிப் பதிக்கவேண்டும். கொய்யாவுக்கு, சொட்டுவானிலிருந்து ஓர் அடி தள்ளி, ஒன்றை 20 செ.மீ. ஆழத்திலும் இன்னொன்றை 45 செ.மீ. ஆழத்திலும் வைக்கலாம். தண்ணீர் விட்ட பிறகு கீழே உள்ளதும் ஒவ்வொரு முறையும் நன்றாக நனைந்தால், வேருக்குத் தேவையானதைவிட அதிகமாக ஓடுகிறது என்று அர்த்தம்.

செல்போனில் வரைபடம் எல்லாம் வேண்டாம், தண்ணீர் விடலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு, கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரம் காட்டும் கருவி இருக்கிறது. கையால் மண்ணில் குத்தினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் அதிகம், பச்சை போதுமானது, ஆரஞ்சு குறைவு, சிவப்பு மிகக் குறைவு. கரும்புக்காக உருவானாலும் மற்ற பயிர்களிலும் பயன்படுத்துகிறார்கள். இரண்டு ஏக்கருக்குள் இருக்கும் தோட்டத்தில், தினமும் ஒரு சுற்று நடந்து வருபவருக்கு இதுவே போதும் என்பது அனுபவத்தில் தெரிந்தது. நிலம் பெரியது, வெளியூரில் இருந்து கவனிக்கவேண்டும், கரண்ட் வரும் நேரத்துக்குத் தகுந்தபடி மடை மாற்றவேண்டும் என்றால்தான் செல்போன் கருவிக்குப் போகவேண்டும்.

இனி விலை. இப்படிப்பட்ட பெட்டியில் அளக்கும் சிப்பின் விலை மொத்த விலையில் சிறு பங்குதான். மீதி, தண்ணீர் புகாத உறை, பேட்டரி, சோலார் தகடு, சிம் கார்டு, செல்போன் செயலி, பழுதானால் வந்து பார்க்கும் ஆள் ஆகியவற்றுக்கு. எனவே 'சிப் அந்தக் கம்பெனியுடையது, அதனால் இரு மடங்கு விலை' என்ற கணக்கு இடிக்கிறது. அதுவும் போக, பெட்டியைத் திறந்து பார்த்தாலும் மேலே உள்ள எழுத்தை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. பழைய சிப்பின் எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு பெயரை அச்சடித்து விற்கும் போலி வியாபாரம் உலகம் முழுக்க இருக்கிறது. போலிப் பூச்சிமருந்து போலத்தான். கேட்கவேண்டியது வேறு. கூடக் குறைய எத்தனை டிகிரி வித்தியாசம் வரலாம், எத்தனை சதவிகிதம் வரலாம் என்று எழுத்தில் தருவாரா? எந்த மண்ணில் வைத்துச் சரிபார்த்தார்கள், செம்மண்ணிலா, கரிசலிலா? இரண்டாம் வருடம் சிம் ரீசார்ஜும் செயலிக் கட்டணமும் யார் கட்டுவது? இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்பவர் கொஞ்சம் கூடுதல் விலை சொன்னாலும் பரவாயில்லை.

வாங்கும் முன் ஒரு வாரம் தோட்டத்தில் வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல சரக்கு விற்பவர் மறுக்கமாட்டார். வெப்பமானியைச் சோதிக்க, ஐஸைப் பொடித்துக் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து ஒரு சொம்பில் நிரப்பவேண்டும். சென்சாரைப் பாலிதீன் பையில் சுற்றி அதற்குள் பத்து நிமிடம் வைத்தால் பூஜ்யம் காட்டவேண்டும். அரை டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். இரண்டு டிகிரி என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மண் ஈரத்துக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சரியாக 500 மில்லி பிடிக்கும், இரு பக்கமும் திறந்த தகரக் குவளையை சென்சார் இருக்கும் ஆழத்தில் மண்ணுக்குள் அழுத்தி, மண் கலையாமல் வெட்டி எடுத்து உடனே எடை போடவேண்டும். பிறகு அந்த மண்ணை 105 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை போடவேண்டும். வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண் பரிசோதனைக் கூடத்திலோ இதற்கான அடுப்பு இருக்கும். ஈர மண் 855 கிராம், உலர்ந்தது 700 கிராம் என்றால் போன தண்ணீர் 155 கிராம், அதாவது 155 மில்லி. 500-க்கு 155 என்றால் 31 சதவிகிதம். மண் எடுத்த நேரத்தில் செல்போனில் காட்டிய எண்ணை அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். தண்ணீர் விட்ட மறுநாள் ஒரு முறை, காய்ச்சலில் விட்டு நான்காம் நாள் ஒரு முறை என இரண்டு தடவை செய்தால், இரண்டு வியாபாரிகளில் யாருடைய பெட்டி உங்கள் மண்ணுக்கு ஒத்துவருகிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்த இதழில்: சொட்டுநீர்க் குழாயில் சுண்ணாம்பு படிந்தால் எந்த அமிலத்தை, எவ்வளவு விடுவது? – தேனி மாவட்ட வாசகரின் கேள்விக்குப் பதில்.